காவல் நிலையமும் "டீ செலவும்"



சென்ற மாதம் பண்ணைப்புரத்தில் ஒரு ஜமாஅத்தார் அஸருக்குப் பிறகு என்னிடம் வந்தார். உம்ராவுக்காக பாஸ்போர்ட் விண்ணப்பித்திருந்தார். விசாரணைக்கு வந்தவர் "டீ செலவு" கேட்க, 500 ரூபாய் கொடுத்துவிட்டார். "ஹஸ்ரத், கொடுத்த எனக்கும் பாவம் உண்டா?" என்றார்.

தன் உரிமையைப் பெற வேறு வழியே இல்லாமல் கொடுத்தால் பாவம் வாங்கியவர் மீதுதான் என்று உலமாக்கள் பலர் கூறுவர். ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று நாம் தேடுவதில்லையே! பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய் கட்டிய பிறகு, அந்த விசாரணைக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. பலர் கேட்கும் முன்பே சட்டைப்பையில் கை வைக்கிறோம்.

ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் பெற்றோர் வீட்டிலேயே இருந்திருந்தால் அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்ட செய்தி புகாரியில் வருகிறது. பதவிக்கு வருவது மனிதருக்கு வரும் அன்பளிப்பு ஆகாது. "டீ செலவு" எந்த வகை என்று நீங்களே யோசியுங்கள்.

இது இன்று வந்த நோயுமல்ல. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க 1854ல் ஒரு கமிஷன் அமைத்தார்கள். அறிக்கை 1855ல் வந்தது. வரி வசூலும் காவலும் அப்போது ஒரே கையில் இருந்தன. விரலை நெரிக்கும் கிட்டி வரி வாங்கவும் பயன்பட்டது, லஞ்சம் பறிக்கவும் பயன்பட்டது. 1859ல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. அப்படியும், 1902ல் அமைந்த போலீஸ் கமிஷன், காவல்துறையை ஊழலும் அடக்குமுறையும் மிக்கதாகவே மக்கள் பார்க்கிறார்கள் என்று எழுதியது.

இன்றைய சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையில் சொல்லிவிட்டால் அவர்களே நோட்டில் ரசாயனப் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் விரலைக் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும்.

அந்தச் சகோதரருக்கு 7 நாள் கடந்துவிட்டது. போன வாரம் அவருடைய ஆடுகள் இரண்டு திருடு போயின. புகார் கொடுத்தீர்களா என்றேன். "அதுக்கும் ஒரு செலவு ஆகும் ஹஸ்ரத், ஆடே பரவாயில்ல" என்றார். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம் என்றேன். அவர் நம்பவில்லை.

நாளை காலை அவரோடு நானும் போகிறேன்.