ஐந்து பன்றிகளும் எட்டு ஏடுகளும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சிறிய பண்ணை. பெரிய வணிகப் பண்ணை அன்று. பறவைகளும் ஆடுகளும் ஐந்து பன்றிகளும் ஒன்றாக வளர்ந்த இடம். பறவைகள் குடித்த நீரையே பன்றிகளும் குடித்தன. கொட்டகை, கருவிகள் எல்லாம் பொதுவானவை. 2024 அக்டோபரில் அங்கிருந்த பறவைகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டது. பன்றிகளோ நன்றாகவே இருந்தன. ஆயினும் ஓர் எச்சரிக்கைக்காக அவற்றையும் சோதித்தார்கள். அக்டோபர் 30ஆம் நாள் அந்நாட்டு வேளாண்மைத் துறை முடிவை அறிவித்தது: ஒரு பன்றியின் உடலில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்தது. பின்னர் இன்னொரு பன்றியிலும் அது உறுதியாயிற்று. அமெரிக்கப் பன்றிகளில் இந்த வைரஸ் காணப்பட்டது அதுவே முதல் முறை. ஐந்தையும் கொன்று, உறுப்புகளை ஆராய்ந்தார்கள்.

நோயே தெரியாத பன்றிகளுக்காக இவ்வளவு கலவரம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். ஆகவே இந்த வைரசைப் பற்றிப் படித்தபோது முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு என்ன நீளமோ, ஏறக்குறைய அதுவே இன்ஃப்ளுயென்சா வைரசின் குறுக்களவு. இத்தனை சிறிய பொருளுக்குள் அதன் பரம்பரைச் செய்தி முழுவதும் ஆர்.என்.ஏ. என்ற வேதிப்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரே நீண்ட இழையாக இல்லை. எட்டுத் தனித் துண்டுகளாக இருக்கிறது. எட்டு ஏடுகள் கொண்ட ஓர் ஓலைச்சுவடி என்று வைத்துக்கொள்வோம். ஏடுகளைக் கோக்கும் கயிறு மட்டும் இந்தச் சுவடியில் இல்லை.

வைரசால் தானாகப் பெருக முடியாது. ஓர் உயிருள்ள செல்லுக்குள் நுழைந்து, அதைக்கொண்டுதான் தன் ஏடுகளைப் படி எடுக்கவேண்டும். ஒரே செல்லுக்குள் ஒரே சமயத்தில் இரண்டு வகை வைரஸ்கள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு சுவடிகளின் ஏடுகளும் படி எடுக்கப்பட்டுக் கலந்து கிடக்கும். புதிதாக உருவாகும் வைரஸ் முதல் ஏட்டை இதிலிருந்தும் இரண்டாம் ஏட்டை அதிலிருந்துமாகப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் ஏட்டுக்கும் இரண்டு வாய்ப்பு. ஆகவே இரண்டை எட்டு முறை பெருக்குங்கள். 256 வருகிறதல்லவா? பெற்றோர் இருவரைக் கழித்துவிட்டால் 254 புதிய சுவடிகள். அவற்றுள் பெரும்பாலானவை பொருந்தாத ஏடுகளைச் சேர்த்த உளறல்கள், பிழைக்கமாட்டா. ஆனால் ஒன்று பிழைத்தாலும் போதுமே! 1957ஆம் ஆண்டில் உலகைச் சுற்றிய ஃப்ளூ வைரசின் எட்டு ஏடுகளில் மூன்று பறவை வைரசிலிருந்து வந்தவை. 1968ஆம் ஆண்டு வைரசில் இரண்டு.

இந்தக் கலப்பு நம் மூக்கிலும் தொண்டையிலும் எளிதில் நடப்பதில்லை. அதற்குக் காரணம் ஒரு சர்க்கரை. செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் என்ற பொருள் ஒட்டியிருக்கிறது. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையும். இந்த அமிலம் அடுத்துள்ள கேலக்டோஸ் சர்க்கரையின் மூன்றாவது கார்பன் அணுவோடு இணைந்திருக்கலாம். ஆறாவது அணுவோடும் இணைந்திருக்கலாம். இணைப்பு மாறினால் வடிவமும் மாறும். பறவை வைரஸ்களுக்கு மூன்றாம் இணைப்பே பிடித்தமானது. வாத்தின் குடலில் அது நிறைய உண்டு. மனித வைரஸ்களுக்கு ஆறாம் இணைப்பு வேண்டும். நம் மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது பெரும்பாலும் அதுதான். மூன்றாம் வகை நம்மிடம் நுரையீரலின் ஆழத்தில்தான் மிகுதி. பறவைக் காய்ச்சல் மனிதனை அரிதாகவே தொற்றுவதற்கும், தொற்றினால் சில சமயம் உயிரையே பறிப்பதற்கும் இது ஒரு காரணம்.

பன்றியின் மூச்சுக்குழலில் இரண்டு வகை இணைப்புகளும் இருப்பதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பன்றியைக் 'கலவைப் பாத்திரம்' என்று ஆய்வாளர்கள் சொல்லிவந்ததற்கு இது வலுவூட்டியது. பன்றியின் மூச்சுப் பாதையில் இவை பரவியிருக்கும் விதம் ஏறத்தாழ நம்முடையதைப் போன்றதே என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. அப்படியானால் பன்றிக்கு என்ன தனிச் சிறப்பு? என் கருத்தில், அதன் வாழ்க்கைதான். ஒரு பக்கம் கோழியும் வாத்தும், மறு பக்கம் இருமிக்கொண்டே தீனி போடும் மனிதன். நடுவில் நெருக்கியடித்து நூற்றுக்கணக்கில் பன்றிகள். மனிதனின் ஃப்ளூ பன்றிக்குத் தொற்றுவது மிகச் சாதாரணம். இரு விருந்தினரும் ஒரே நாளில் வந்து சேர இதைவிட வசதியான வீடு கிடைப்பது அரிது.

இது வெறும் ஊகமன்று. 1979இல் ஐரோப்பாவில் ஒரு பறவை வைரஸ் முழுமையாகப் பன்றிகளுக்குத் தாவியது. தாவியதோடு நில்லாமல் அங்கேயே நிலைத்து, பன்றிக்குப் பன்றி பரவியது. அமெரிக்கக் கண்டத்துப் பன்றிகளிலோ 1998 வாக்கில் வேறொரு கலப்பு நடந்திருந்தது. இவ்விரு பரம்பரைகளும் பின்னர் பன்றிகளிலேயே சந்தித்தன. அப்படிப் பிறந்த வைரஸ்தான் 2009இல் மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் முதலில் தென்பட்டது. நம்மூரில் அதற்குப் 'பன்றிக் காய்ச்சல்' என்று பெயர். உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள். உங்கள் பெற்றோரைக் கேளுங்கள், முகமூடிக்கு அலைந்த கதையைச் சொல்வார்கள்.

அந்த வைரசின் ஏடுகளை எண்ணிப் பார்ப்போம். மூன்று, பழைய அமெரிக்கப் பன்றி வைரசுடையவை. இரண்டு, வட அமெரிக்கப் பறவை வைரசிலிருந்து வந்தவை. ஒன்று மனித வைரசுடையது. மீதி இரண்டும் 1979இல் ஐரோப்பியப் பன்றிகளுக்குத் தாவிய அந்தப் பறவை வைரசின் வழிவந்தவை. தாவியது ஓராண்டில்; விளைவு தெரிந்தது 30 ஆண்டுகள் கழித்து! முதல் ஓராண்டில் அதற்குப் பலியானோர் உலகெங்கும் 1.5 லட்சத்துக்கும் 5.75 லட்சத்துக்கும் இடைப்பட்டவர்கள் என மதிப்பிடப்பட்டுள்ளது.

எச்5என்1 இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் பன்றிகளுக்கு இதைச் செலுத்தியபோது பெரும்பாலும் லேசான தொற்றே ஏற்பட்டது. அருகிலிருந்த பன்றிகளுக்கு அது எளிதில் பரவவில்லை. ஓரிகன் பண்ணையில் கண்ட வைரசிலும் மனிதனுக்கு எளிதாகத் தொற்றக்கூடிய மாறுதல் எதுவும் கண்டறியப்படவில்லை. ஆனால் இந்தோனேசியாவிலிருந்து வந்த செய்தி சற்றுக் கவலை தருவது. அங்கே 2005 முதல் 2007 வரை சோதித்த 702 பன்றிகளில் 52இல் எச்5என்1 இருந்தது. அக்கம்பக்கத்துக் கோழிகளிடமிருந்து வந்தது அது. பன்றிகளிடம் நோய்க்குறி எதுவும் தென்படவில்லை. அவற்றிலிருந்து பிரித்த வைரஸ்களுள் ஒன்று, மனித மூச்சுப் பாதையிலுள்ள சர்க்கரையைப் பற்றவும் கற்றிருந்தது! கோழிக்கு நோய் வந்தால் பண்ணை முழுவதும் செத்து விழும், யாருக்கும் தெரிந்துவிடும். பன்றியிலோ ஓசையில்லாமல் நடக்கிறது. மூக்கில் பஞ்சு செலுத்தி மாதிரி எடுத்துப் பார்த்தாலன்றித் தெரியாது.

ஆகவேதான் கோழிக்கும் பன்றிக்கும் தனிக் கொட்டகை, தனி நீர், தனிக் கருவிகள் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு ஏற்பாடு முதலில் எனக்கே விந்தையாகப் பட்டது. எச்5என்1 கறவை மாடுகளிலும் பரவிய 2024இல், அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் போடும் சாதாரண ஃப்ளூ தடுப்பூசியைப் போட அரசு நிதி ஒதுக்கியது. அந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. பின் எதற்கு? பெருக்கல் கணக்கை மீண்டும் பாருங்கள். ஒரு செல்லுக்குள் ஒரே ஒரு சுவடி இருந்தால், ஏடுகள் மாற இடமில்லை.