கலங்கிய நீரைத் தெளிவிக்கும் ஆற்றுப் பாக்டீரியாக்கள்

பருவமழை தொடங்கியதும் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஏராளமான வண்டலைச் சுமந்து ஓடுகின்றன. அந்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் முதற்பணி கலங்கலை அகற்றுவதாகும். கலங்கல் நீங்காத நீரில் குளோரின் இட்டாலும் முழுப் பயன் கிட்டாது. மண் துகள்களின் மறைவில் நோய்க்கிருமிகள் தப்பிவிடும். ஆகவேதான் குடிநீருக்கான இந்தியத் தர அளவை ஐ.எஸ். 10500, கலங்கல் 1 என்.டி.யு. அலகுக்கு மேற்படலாகாது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் மட்டும் 5 அலகு வரை இடமளிக்கிறது.

படிகாரத்தின் பணியும் குறையும்

நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் அவை எளிதில் அடியில் படிவதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியம் இம்மின்னூட்டத்தைத் தணிக்கிறது. துகள்கள் திரண்டு கனத்துப் படிகின்றன. ஆயினும் மிகுதியான கசடு சேருகிறது. நீரின் காரத்தன்மை குறைகிறது. அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்குகிறது. ஐ.எஸ். 10500 அளவைப்படி ஒரு லிட்டரில் 0.03 மில்லிகிராம் அலுமினியமே விரும்பத்தக்கது. படிகாரத்திற்குத் துணையாக இடப்படும் பாலிஅக்ரிலமைடில் எஞ்சும் அக்ரிலமைடு நரம்புகளுக்குத் தீங்கானது.

இயற்கைப் பொருள்களால் நீரைத் தெளிவிப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரூற்றி வைப்பது பழைய வழக்கம். 'கதகம்' என்னும் பெயரில் சுஸ்ருத சம்ஹிதையும் இதனைக் குறிப்பிடுகிறது.

நுண்ணுயிர்கள் சுரக்கும் பசை

ஆற்றுப் படுகையில் வாழும் பல பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்வதற்கு ஒருவகைப் பசையைச் சுரக்கின்றன. பல்சர்க்கரைகளும் புரதங்களும் இதன் முக்கியக் கூறுகள். இவற்றின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகளுக்கும் துகளுக்கும் இடையே பாலமிட்டு அவற்றைத் திரட்டுகின்றன. கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் இருப்பின் இப்பணி எளிதாகிறது.

சாக்கடை நீர்ச் சுத்திகரிப்பில் இவ்வியல்பு 1914 முதலே பயன்பட்டு வருகிறது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்போர் விளக்கிய கசடு முறையில், பாக்டீரியாக்கள் தாமாகவே திரண்டு படிகின்றன. 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ரோடோகாக்கஸ் எரித்ரோபோலிஸ் என்னும் பாக்டீரியாவின் திரட்டும் ஆற்றலை ஆராய்ந்தனர். 2010-களில் தென்னாப்பிரிக்காவின் தியூமே ஆற்றிலிருந்து ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, கயோலின் களிமண் கலந்த நீரில் சோதித்தனர்.

நடைமுறைக்கு வர வேண்டுவன

ஆய்வுக்கூடத்தில் கிட்டும் வெற்றி அப்படியே ஆற்றங்கரை நிலையத்தில் கிட்டிவிடாது. ஆற்று நீரின் தன்மை பருவத்திற்குப் பருவம் மாறும். குளுக்கோஸ் ஊட்டி வளர்த்து, ஆல்கஹாலால் பசையைப் பிரித்தெடுப்பதற்குப் படிகாரத்தை விட மிகுந்த செலவாகிறது. சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகு போன்ற மலிவான ஊட்டப்பொருள்கள் இச்செலவைக் குறைக்கக்கூடும்.

பாதுகாப்பு இதனினும் முக்கியமானது. உயிருள்ள பாக்டீரியாவைக் குடிநீரில் கலப்பது இதன் நோக்கமன்று. தூய்மை செய்த பசை மட்டுமே பயன்பட வேண்டும். பாக்டீரியா நோய் விளைப்பதன்று என்றும், பசையில் நச்சு இல்லை என்றும் உறுதி செய்தல் வேண்டும். நீரில் எஞ்சும் கரிமப் பொருள் குளோரினுடன் சேர்ந்து வேண்டாத சேர்மங்களைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதையும் கவனித்தல் வேண்டும்.

ஆதலால் கழிவுநீர்க் கசடைக் கெட்டிப்படுத்தும் பணியில் இதனை முதலில் பயன்படுத்திப் பார்ப்பதே தக்கது. குடிநீரைப் பொறுத்தவரை, வரிசையாக வைத்த குவளைகளில் வெவ்வேறு அளவு மருந்திட்டுக் கலக்கிப் பார்க்கும் ஜாடிச் சோதனையை ஒவ்வொரு பருவத்திலும் அந்தந்த ஆற்று நீரைக் கொண்டே நடத்த வேண்டும். படிகாரத்தை முற்றிலும் கைவிட இயலாவிடினும், அதில் ஒரு பகுதியைக் குறைக்க முடிந்தால் கசடும் குறையும். நாடெங்கும் கிராம வீடுகளுக்குக் குழாய் நீர் வழங்க 2019-இல் ஜல் ஜீவன் இயக்கம் தொடங்கப்பட்டது. குழாய் சென்ற வீட்டிற்குத் தெளிந்த நீரும் செல்லும்போதே அம்முயற்சி நிறைவு பெறும்.