மூச்சும் மிடறும்

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலியின் தோற்றங் கூறுங்கால், காற்று உந்தியினின்று எழுந்து, தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகும் என்பர். இதனைத் தேர்வுக்கெனக் கற்கும் நாம், இதன்கண் உடற்குரிய பாடமொன்று உளதென நோக்குவதில்லை. மிடறு காற்று நின்று செல்லும் இடமேயன்றி, எழும் இடமன்று.

உடல்நூலார் கூற்றும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. அமைதியான மூச்சிற் பெரும்பணி செய்வது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம். அது தாழ, வயிறு சிறிது முன்வரும். கழுத்தெலும்பினின்று மேல்விலாவுக்குச் செல்லும் தசைகளும், செவியின் பின்னின்று மார்பெலும்புக்கு இறங்கும் தசையும் பெரும்பாலும் துணைவரே.

மலைக்கோட்டை ஏறுவோரைக் காண்க. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள அப்பாறையில், தாயுமானவர் கோயிலைக் கடந்து உச்சிப்பிள்ளையார் கோயில் நோக்கிச் செல்வோர்க்குத் தோள் உயரும்; வாய் திறக்கும்; கழுத்துப் புடைக்கும். அது முறையே, மிகுந்த காற்று வேண்டுங்கால் துணைவர் உதவுகின்றனர். ஆயின், நூலின்மேற் குனிந்திருக்கும் மாணவனும் மார்பின் மேற்பகுதியாலேயே மூச்சு வாங்குவானாயின், அவன் இருந்தவிடத்தே மலையேறுகின்றான்! நிமிடத்துக்கு 15 எனக் கொள்ளின் ஒரு நாளில் 21,600 மூச்சு. நம் யோகநூல்கள் கூறும் தொகையும் அதுவே. அவற்றுட் பாதியேனும் கழுத்தை இழுக்குமாயின், அது இறுகுதலும் தலை நோதலும் வியப்பாகுமோ? கருத்தூன்றிக் கற்கையிற் பல்லைக் கடித்து மூச்சை அடக்குவோர்க்குத் தாடையும் பொட்டும் வலித்தலும் உண்டு.

1869இல் தாஸ்மேனியாவிற் பிறந்த அலெக்சாண்டர் என்பார், மேடையிற் பாக்களை ஓதுதலைத் தொழிலாகக் கொண்டவர். குரல் கம்மவே, அவர் கண்ணாடிகளின் முன் நின்று தம்மையே ஆராய்ந்தார். ஓதத் தொடங்குந்தோறும் தலையைப் பின்னே இழுத்து, மிடற்றை அழுத்தி, வாயால் ஓசையெழ மூச்சை வாங்குதல் புலனாயிற்று. பின்னிரண்டையும் நேரே தடுத்தல் அவர்க்கு இயலவில்லை. தலையை இழுக்காதிருக்கப் பழகவே, அவையும் குறைந்து குரல் தெளிந்தது. எனவே, மூச்சு கழுத்தைக் கெடுத்தலேயன்றி, கழுத்து மூச்சைக் கெடுத்தலும் உண்டென்பது பெறப்படும்.

ஆதலின், படிக்க அமருங்கால் ஒரு கையை மார்பிலும் மற்றொன்றை வயிற்றிலும் வைத்து, எது முன்னர் அசைகின்றதெனக் காண்போமாக. இதழ்கள் மூடியும், பற்கள் சற்றே விலகியும், நா மேலண்ணத்தைத் தொட்டும் இருக்க, மூக்கால் மெல்ல மூச்சு வாங்குவோமாக. நோவு நீடிப்பின் மருத்துவரை நாடுதல் கடன். பேச்சுப்போட்டிக்கு நாவைப் பழக்கும் நாம், அந்நாவுக்குக் காற்றளிக்கும் உந்தியை முதலிற் பழக்குதல் வேண்டும்.