படி எந்தப் பக்கம்?

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்புச்சி எழுதுவது. உன் கடிதம் வந்தது. முக்கால்வாசி உன் நாய் சிக்குவைப் பற்றி, பரீட்சையைப் பற்றி ஒன்றரை வரி. சரி, போகட்டும். லீவுக்கு வரும்போது அவனையும் கூட்டி வருகிறாய், நம் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழக்கவேண்டும் என்கிறாய். "லேப்ரடார்தானே அப்புச்சி, தூக்கிப் போட்டால் தானா நீந்திக்கும்" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

உன் அம்மா அதே கிணற்றில்தான் பழகினாள். இடுப்பில் தாம்புக்கயிறு, முதுகில் சுரைப்புருடை, கயிற்று நுனி என் கையில். "அப்பா என்னைத் தூக்கிப் போட்டார்" என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். போட்டது உண்மை, ஆனால் மூன்றாம் நாள். அதற்குள் படி எந்தப் பக்கம், எந்தக் கல்லைப் பிடித்து ஏறவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

நாயையும் ஒருமுறை போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு உன் வயது. கருப்பன் என்றொரு நாட்டு நாய் எங்களோடே திரியும். நாலு பையன்கள் சேர்ந்து, வெயிலுக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு, மேட்டிலிருந்து தள்ளிவிட்டோம். அது நீந்தியது கண்ணு. நன்றாகவே நீந்தியது. சுவரை ஒட்டி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கல்லில் நகத்தை வைக்கும், பாசி வழுக்கும், மறுபடி சுற்றும். படிக்கு நேராகவும் வந்தது. நம் கிணற்றுப் படி எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா, சுவரிலிருந்து தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கல். மனிதன் கையால் பற்றிக் காலை வைத்து ஏறலாம். நாய் என்ன செய்யும்? பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்க ஆரம்பித்தபோது பெரியப்பா குதித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் நாலு பேருக்கும் முதுகில் அடி விழுந்தது அப்புறம். கருப்பன் அதற்குப் பிறகு வாய்க்கால் மேட்டுக்குக்கூட எங்களோடு வரவில்லை.

நான் பார்த்தவரையில் கிணற்றில் விழுந்து செத்த நாய்கள் நீந்தத் தெரியாமல் சாகவில்லை. ஏற இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றிக் களைத்துச் செத்தவை. ஆகவே சிக்குவுக்கு நாம் முதலில் பழக்கப்போவது வெளியே வருவதை.

இடம் நம் பம்பு செட்டுத் தொட்டி. அதன் சுவரும் செங்குத்துதான், அதனால் ஒரு மூலையில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, அசையாமல் சிமென்ட் போட்டு, அகலமாக நாலு படி கட்டிவிட்டேன். மேலே சாக்கு விரித்துக் கட்டியிருக்கிறது, கால் வழுக்காது. தொட்டியில் ஒரு வசதி உண்டு, தண்ணீர் மட்டம் நம் கையில். முதல் நாள் அரை அடி, அவன் கரண்டை நனையும் அளவு. மறுநாள் வயிறு தொடும் அளவு. அவன் தானாக வாலை ஆட்டிக்கொண்டு இறங்குகிற அன்றைக்குத்தான் அதற்கு மேல் மோட்டாரைப் போடுவேன். அதற்கு மூன்று நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். வீடியோ எடுக்க அவசரப்படாதே.

எதிர்வீட்டுப் பையன் பண்ணைக்குட்டைக்குப் போகலாம் என்பான். போகவே கூடாது. தண்ணீர் கசியாமலிருக்க அதில் பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறார்கள். பார்ப்பதற்குச் சரிவாக, இறங்க ஏற வசதியாகத் தெரியும். நனைந்த தாளில் நாய் நகமும் நிற்காது, உன் காலும் நிற்காது. கீழ்பவானி வாய்க்காலும் வேண்டாம். வழுக்கும் கரை, பாசி, இழுப்பு. விழுந்த இடத்தில் ஏற முடியாது, ஏற முடிகிற இடம் எத்தனை தூரம் தள்ளி வரும் என்று சொல்ல முடியாது.

லேப்ரடார் தண்ணீர் நாய் என்பது பொய்யில்லை. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து என்ற குளிர்த்தீவு இருக்கிறது. அங்கே மீனவர்கள் வைத்திருந்த நாய்கள்தான் இவர்களுக்கு முன்னோர். வலைக்கயிற்றை இழுத்து வரும், நழுவின மீனைக் கவ்வி வரும். அந்த நாய்கள் இங்கிலாந்துக்குப் போய், அங்கே பெருகி, 1903இல் கென்னல் கிளப் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. சிக்குவின் விரல்களை விரித்துப் பார், நடுவே சவ்வு இருக்கும். வால் அடி பருத்து நீர்நாய் வால் மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் சிக்கு பிறந்தது அடுக்குமாடியில், பார்த்த பெரிய நீர்நிலை குளியலறை வாளி. முன்னோர் கொடுத்தது உடம்பைத்தான்.

உன் தோழியின் பக் நாயையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வரட்டும், திண்ணையில் உட்காரட்டும். சப்பை மூக்கு, மூச்சுக்கே திணறும் நாய் அது. மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைக்கத் தலையைத் தூக்கும், தூக்கினால் பின்பக்கம் இறங்கிவிடும். புல்டாக்குக்கும் இதே கதி. நம் தோட்டத்து வீரன் வேட்டை நாய்க் கலப்பு, எலும்பும் நரம்பும்தான், உடம்பில் கொழுப்பே கிடையாது. நீந்துவான், ஆனால் சீக்கிரம் நடுங்கிவிடுவான்.

நாய் எப்படி நீந்துகிறது என்று பார்க்க ஃபிராங்க் ஃபிஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் (பெயரே மீன்!) பல இன நாய்களை நீச்சல் குளத்தில் விட்டு நீருக்கடியில் படம் பிடித்தார். 2014இல் சொன்னார், கிட்டத்தட்ட எல்லா நாயும் ஒரே மாதிரிதான் நீந்துகிறது என்று. தரையில் நாய் பெருநடை போடும்போது ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் சேர்ந்து போகும். ஏறக்குறைய அதே நடைதான் தண்ணீரில், கொஞ்சம் வேகமாக. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டியது எதற்கு என்றால், பயந்த நாய் பின்னங்காலை மறந்துவிடும். முன்னங்காலால் மட்டும் தண்ணீரைப் படபடவென்று அடிக்கும், உடம்பு நட்டுக்குத்தலாக நிற்கும். அப்போது நான் உள்ளே நின்று அடிவயிற்றுக்குக் கீழே, பின்தொடை ஓரமாகக் கை கொடுத்துத் தூக்குவேன். முதுகு நீர்மட்டத்துக்கு வந்ததும் பின்னங்கால் தானாக வேலை செய்யத் தொடங்கும். தண்ணீர் தெறிப்பது நின்று அமைதியாகப் போனால் நீந்துகிறான் என்று அர்த்தம்.

உன் வேலை படி மேல் உட்கார்ந்து அவன் பெயரைக் கூப்பிடுவது. இதைச் சின்ன வேலை என்று நினைக்காதே. முதலில் படிக்கு ஒரு முழம் தள்ளி அவனை விடுவேன், நீ கூப்பிடுவாய், ஏறி வருவான், வாயில் ஒரு துண்டு முட்டை. பிறகு நடுவிலிருந்து. பிறகு எதிர்மூலையிலிருந்து, படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எந்த மூலையில் விட்டாலும், நீ கூப்பிடாமலே, திரும்பிப் படியைத் தேடி வந்தான் என்றால் பாடம் முடிந்தது. படிக்கு மேலே நீல நிறக் கேன் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன், அடையாளத்துக்கு. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரியாது. நீ வாங்கி வைத்திருக்கும் சிவப்புப் பந்தை ஊரிலேயே விட்டுவிட்டு வா.

பந்தே வேண்டாம் என்பேன். பந்தைக் கவ்வினால் வாய் திறந்தபடியே இருக்கும், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் உள்ளே போகும். அரை மணி நேரம் விளையாடினால் வயிறு நிறைய நீர். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் உப்பு குறைந்து மூளை வீங்கும். வாந்தி, எச்சில் ஒழுகல், வயிறு உப்பல், குடித்தவன் மாதிரி தள்ளாட்டம். இதில் எதைப் பார்த்தாலும் தூங்கினால் சரியாகிவிடும் என்று விடக்கூடாது, உடனே டாக்டர். தட்டையான துணிப் பொம்மை என்றால் வாய் பாதி மூடும். அதுவும் நாலு தடவைதான். லேப்ரடாருக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும். முதல் வாரம் இரண்டு மூன்று நிமிடம் நீச்சல், பிறகு ஓய்வு, மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. பின்பக்கம் இறங்கினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, அன்றைக்கு அவ்வளவுதான்.

அம்மாவிடம் லைஃப் ஜாக்கெட் வாங்கச் சொல். முதுகில் கைப்பிடி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், அந்தப் பிடிதான் முக்கியம். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும், எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். நீளக் கயிறு ஜாக்கெட்டில் இருக்கும், மறுநுனி என் கையில், சுற்றாமல், கட்டாமல். எலிக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து நாய்க்கு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். ஊர்க்குளத்தில் பச்சை பெயிண்ட் ஊற்றினது போல் படிந்திருந்தால் அவனை ஒரு வாய்கூடக் குடிக்கவிடாதே, சில வகைப் பாசி கல்லீரலையே தின்றுவிடும். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காதைத் துடைக்கவேண்டும். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்ளே மடங்கும், தொங்கும் காது அதை மூடிக்கொள்ளும், ஈரம் தங்கினால் புண்தான். துணியால் வெளிப்பக்கம் மட்டும். பட்ஸ் குச்சியை எடுத்தாயானால் பிடுங்கிவிடுவேன்.

ஒன்றைக் கட்டளையாகவே சொல்கிறேன். அவன் எங்கே விழுந்தாலும் நீ பின்னால் குதிக்கக் கூடாது. மூழ்குகிற நாய் உன் தலைமேல்தான் ஏறும், நகத்தால் கிழித்துக்கொண்டே ஏறும். கத்து, ஆளைக் கூப்பிடு, கயிற்றைப் போடு. பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் 101க்குப் போன் பண்ணு, தீயணைப்புக்காரர்கள் நாய்க்கும் வருவார்கள். வெளியே எடுத்தபின் அவன் சாதாரணமாக நடந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

த்ரீ பேஸ் கரண்டு இப்போது காலை ஆறு மணிக்கு வருகிறது. தொட்டி நிரம்ப ஏழரை ஆகும், அதற்குள் சிக்குவுக்குச் சோறு வைத்துவிடாதே, நீந்திவிட்டு வந்து தின்னட்டும். பழைய துண்டு நாலு எடுத்து வா. அம்மாயி தன் துண்டைத் தரமாட்டாள்.

கிணற்று மேட்டுக்குப் படல் கட்டியாகிவிட்டது. தவறி ஏதாவது விழுந்தால் முன்னங்காலைப் போட்டு நிற்கட்டும் என்று உள்ளே பெரிய பலகை ஒன்றைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டிருக்கிறேன். இப்போதைக்கு அதில் தவளைகள்தான் குடியிருக்கின்றன. நேற்று எண்ணினேன், பதினொன்று.

அன்புடன்,
அப்புச்சி