மீனின் நீளம்: எங்கிருந்து எதுவரை?

2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய மீன்வள வளர்ச்சி வாரியத்தின் தலைமையகம் ஹைதராபாத்தில் மீன் வடிவிலேயே எழுப்பப்பட்டுள்ளது. அக்கட்டிடத்தின் நீளத்தை அளக்க முற்படுபவருக்கு வாலைச் சேர்ப்பதா, விடுவதா என்ற ஐயம் எழக்கூடும். வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஐயம், உயிருள்ள மீனைப் பொறுத்தவரை பொதுப் பணத்தோடு தொடர்புடையதாகும்.

மீனுக்கு மூன்று நீளங்கள் உண்டு. வாயின் முனையிலிருந்து வால் துடுப்பின் கடைக்கோடிவரை அளப்பது முழு நீளம். வாலின் கவை பிரியும் நடுப்பள்ளத்தோடு நிறுத்திக்கொள்வது கவை நீளம். வால் துடுப்பு தொடங்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது உடல் நீளம்.

காட்சித்தொட்டிகளில் வளர்க்கப்படும் வண்ண மீன்களுக்கு உடல் நீளமே பொருத்தமானது. தங்கமீன், சண்டைமீன் ஆகியவற்றின் சில வகைகளுக்கு விசிறிபோல் நீண்ட வால் உண்டு; அது கிழிவதும் உண்டு, மீண்டும் வளர்வதும் உண்டு. தொட்டி நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிடுவது பெரும்பாலும் உடலே. எனவே வாலைச் சேர்த்து அளந்து, ஒரு தொட்டிக்கு இத்தனை மீன்கள் எனக் கணக்கிடுவது சரியாகாது.

ஏரிகளுக்கு வந்தால் கணக்கு பெரிதாகிறது. தெலங்கானா அரசு 2016ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச மீன்குஞ்சு வழங்கும் திட்டத்தில், பருவகால ஏரிகளுக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் குஞ்சுகளும், ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரிகளுக்கு 80 முதல் 100 மில்லிமீட்டர் குஞ்சுகளும் வகுக்கப்பட்டன. கட்லா, ரோகு போன்ற கெண்டையினங்களில் முழு நீளத்தின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாலுக்குரியது. ஆகவே உடல் நீளம் 80 மில்லிமீட்டர் உள்ள குஞ்சின் முழு நீளம் சுமார் 100 மில்லிமீட்டராகும். வெறுமனே '80 மில்லிமீட்டர்' என்று எழுதினால் இரண்டு வேறு குஞ்சுகளை அது குறிக்கும். மீனின் எடையோ நீளத்தின் முப்படியை ஒட்டி உயர்வது, 0.8இன் முப்படி 0.512. அதாவது, நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது எடையில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது! சிறு குஞ்சுகளை விரால் எளிதில் விழுங்கிவிடும். தெலுங்கில் கொர்ரமீனு எனப்படும் இவ்விராலே தெலங்கானாவின் மாநில மீன் என்பதும் கருதத்தக்கது. இழப்பு இறுதியில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அறுவடையில் தெரியவரும்.

அளக்கும் முறை எளிதே. கையையும் அளவுப் பலகையையும் முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் மீனைக் காக்கும் வழவழப்புப் பூச்சு உரிந்துவிடும். வாய் மூடிய நிலையில், மூக்கு பலகையின் முனைத் தடுப்பைத் தொடுமாறு மீனைக் கிடத்தி, உடல் வளைவின்மேல் நாடாவை ஓட்டாமல் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். தொட்டியின் வெளிக் கண்ணாடியில் அளவுகோலை வைத்துப் பார்ப்பவர் கவனமாயிருத்தல் நலம்: கண்ணாடிக்குப் பின்னால் தள்ளி நிற்கும் மீன் அங்கே உண்மையைவிடக் குறைவாகவே அளவு காட்டும். மீன் கண்ணாடியை ஒட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பதிவேட்டில் எண்ணை எழுதும்போது, அது முழு நீளமா, கவை நீளமா, உடல் நீளமா என்பதையும் அதே பத்தியில் குறித்துவிட வேண்டும்.