மினி டிராக்டர் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

"நாலரை ஏக்கர் இருக்கிறது. எத்தனை ஹெச்பி வண்டி வாங்கலாம்?" சிறு தோட்டக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஷோரூமில் உடனே பதில் கிடைத்துவிடும்: இரண்டு ஏக்கருக்கு 15, ஐந்து ஏக்கருக்கு 24, அதற்கு மேல் 27. இந்தக் கணக்கை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். வருடத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடும் என்பதை மட்டுமே ஏக்கர் சொல்லும். வண்டி எவ்வளவு அகலம் இருக்கலாம், எந்தக் கருவியை ஓட்ட வேண்டும் என்பதை உங்கள் மர வரிசையிடமும் மண்ணிடமும்தான் கேட்க வேண்டும்.

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் வழக்கமாகக் காணும் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் நாலரை ஏக்கர். மூன்றரை ஏக்கரில் தென்னை, அதில் பாதியில் ஊடுபயிராகக் கோகோ. மீதி ஒரு ஏக்கரில் தக்காளி, கத்தரி, சில வருடம் மக்காச்சோளம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய தோட்டம்தான். ஆனாலும் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகுமா என்று யோசிக்க வேண்டிய அளவு.

டேப்போடு முதலில் தென்னைக்குள் போங்கள். சிபாரிசு செய்யப்பட்ட இடைவெளி மரத்துக்கு மரம் 25 அடி. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறடிக்கு வட்டப்பாத்தி. உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, அதற்குள் ரோட்டவேட்டர் போகவே கூடாது. இரண்டு பக்கமும் ஆறடி கழித்தால் நடுவில் 13 அடி மிஞ்சும். 45 ஹெச்பி வண்டியின் அகலம் ஏறக்குறைய ஆறடி. ஆக, வெறும் தென்னை மட்டும் உள்ள தோப்புக்கு, அகலத்தைக் காரணம் காட்டி மினி டிராக்டர் வாங்க வேண்டிய அவசியமே கிடையாது. வாடகைக்கு வரும் பெரிய வண்டி தாராளமாகப் போய்வரும்.

கோகோ நிற்கும் பாதியில் நிலைமை வேறு. இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே கோகோ வரிசை ஓடினால் தென்னைக்கும் கோகோவுக்கும் இடையே பன்னிரண்டரை அடி. தென்னையின் பாத்திக்கு ஆறடி போய்விட்டது. கவாத்து செய்த கோகோ கூட இரண்டரை அடிக்குக் கிளையை நீட்டும். மிச்சம் நான்கடி. மினி டிராக்டரின் வெளி அகலம் சுமார் மூன்றரை அடி, அதிலும் டயர்களை உட்பக்கமாக மாற்றிப் பூட்டியிருந்தால்தான் இந்த அளவு. பக்கத்துக்கு மூன்று அங்குலம்தான் இடம் என்றால் ஓட்டுகிறவர் நிம்மதியாக ஓட்ட முடியாது. பக்கத்துக்கு அரை அடியாவது வேண்டும். கோகோவை இன்னும் இறுக்கிக் கவாத்து செய்ய நீங்கள் தயாராக இருந்தால் மினி டிராக்டருக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. தயாரில்லை என்றால் இந்தப் பகுதிக்குப் பவர் டில்லரோ புல்வெட்டும் கருவியோதான் சரி.

மற்ற பயிர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது அடி இடைவெளிப் பாக்குத் தோப்பு மினி டிராக்டருக்கு மிகப் பொருத்தமான இடம். ஆறடி வாழையில் கன்று சிறிதாக இருக்கும் வரை போகலாம், இலை விரிந்தபின் முடியாது. ஐந்தடிப் பார் போட்ட கரும்பில் மண் அணைக்க மினி நன்றாக உதவும். மூன்றடிப் பாருக்குள் டயர் இறங்கினால் பயிர் போய்விடும்.

அகலத்தோடு உயரத்தையும் திருப்பத்தையும் பாருங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவு மடக்கக்கூடியதாக இருந்தால்தான் தாழ்ந்த கிளைக்கு அடியில் போக முடியும். மடக்கி ஓட்டிவிட்டு வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்ட வேண்டும், வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பது அந்த இரும்புதான். மினி வண்டி ஒரு வட்டம் திரும்ப ஏறக்குறைய 15 அடி தேவை, பின்னால் கருவி நீட்டிக்கொண்டிருக்கும் அளவு தனி. வேலி ஓரத்தில் அந்த இடம் இல்லையென்றால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் முன்னும் பின்னும் எடுத்தே பாதிப் பொழுது போகும்.

இனி ஹெச்பிக்கு வருவோம். பானெட்டில் எழுதியிருப்பது இன்ஜினின் ஹெச்பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும் ஹெச்பி. ஒரே 24 ஹெச்பி என்று விற்கும் இரண்டு கம்பெனி வண்டிகளில் இது ஒன்றுபோல இருப்பதில்லை. விற்பனையாளரிடம் "பி.டி.ஓ. ஹெச்பி எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. சக்தி, இழுவிசை, டீசல் செலவு, தூக்கும் திறன் எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத் தாளை விட அந்த அறிக்கையை நம்புங்கள். நாம் போடுகிற பணத்துக்கு அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க முழு உரிமை இருக்கிறது.

கருவியை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற வண்டியைத் தேடுவதுதான் சரியான வரிசை. ரோட்டவேட்டர் வண்டியின் டயர் தடத்தை மூட வேண்டும். இல்லாவிட்டால் உழுத மண்ணிலேயே டயர் தடம் அழுந்திக் கிடக்கும். மூன்றரை அடி வண்டிக்கு மூன்றரை அடி ரோட்டவேட்டர். அதை நம் செம்மண்ணில் நாலைந்து அங்குல ஆழத்துக்கு ஓட்ட 21 முதல் 24 ஹெச்பி வேண்டும். 15, 18 ஹெச்பி வண்டிக்கு மூன்றடிதான் அளவு, அதுவும் ஈரப்பதம் பார்த்து ஓட்டினால். கரிசலில் இன்னும் ஒரு படி மேலே போங்கள், அந்த மண் காய்ந்தால் சிறிய இன்ஜினைத் திணறடித்துவிடும். உளிக்கலப்பைக்கு 35 முதல் 45 ஹெச்பி தேவை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைக்காகப் பெரிய வண்டி வாங்க வேண்டாம், அந்த ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரத்துக்கும் அதன் தகட்டில் உள்ள ஹெச்பியைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

எடை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சக்தி இருந்தும் எடை இல்லாவிட்டால் டயர் சுழலும், வண்டி நகராது. மினி வண்டிகளுக்கு நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் என்றே சொல்வேன், குறிப்பாகத் தண்ணீர் பாய்ந்த தோப்பில். அதே சமயம் ஒரு டன்னுக்கும் குறைவான வண்டியில் பெரிய டிரெய்லரைக் கோக்காதீர்கள். மட்டையோடு ஆயிரம் தேங்காய் ஒரு டன்னைத் தாண்டும், டிரெய்லரின் எடை அதற்கு மேல். சமதளத்தில் இழுத்துவிடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். தேங்காயைச் சாலை வழியாகக் களத்துக்கு ஏற்றிப் போவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் மினி டிராக்டர் உங்களுக்கானது இல்லை.

மணிக்கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மூன்றரை அடி ரோட்டவேட்டர், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகம், திரும்பும் நேரம் போக ஒரு மணி நேரத்தில் சுமார் அரை ஏக்கர் ஆகும். நாலரை ஏக்கருக்கு வருடம் மூன்று ஓட்டு என்றால் 27 மணி நேரம். மருந்தடிப்பு, எரு இழுப்பு, காய்கறி நிலத்து வேலை எல்லாம் சேர்த்தாலும் நூறு மணி நேரத்தைத் தாண்டுவது கடினம். உங்கள் ஊரின் மணி வாடகையை இதனால் பெருக்கி, வருடத் தவணையோடும் வட்டியோடும் வைத்துப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் இணையவழி முன்பதிவுச் சேவையான இ-வாடகை வழியாகவும் டிராக்டர்கள் மணிக்கணக்கில் கிடைக்கின்றன. பெரும்பாலோருக்கு வாடகைதான் மலிவாக வரும்.

அப்படியும் சொந்த வண்டி வாங்க ஒரு நல்ல காரணம் உண்டு. ஐம்பது சென்ட் ஊடுபயிர் வேலைக்கு வாடகை வண்டிக்காரர் வர விரும்ப மாட்டார். மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்த இரண்டு நாளில் எல்லோருக்கும் வண்டி தேவைப்படும். அந்தப் பதம் உங்கள் விளைச்சலுக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஓட்டிக் கொடுக்க முடியும் என்றால் கணக்கு இன்னும் சாதகமாகும். நான் எடுத்துக்கொண்ட தோட்டத்துக்கு என் பதில்: கோகோவைக் கவாத்து செய்து வைப்பவராக இருந்தால் நான்கு சக்கர இயக்கமுள்ள, 21 முதல் 24 ஹெச்பிக்குள் ஒரு வண்டி. கோகோ இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

மானியத்தைப் பார்த்து அளவை மாற்றாதீர்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. மிச்சமாகும் பணத்தை அடுத்த பெரிய மாடலுக்குப் போடாமல் நல்ல ரோட்டவேட்டருக்கும் பி.டி.ஓ. தண்டின் பாதுகாப்பு உறைக்கும் போடுங்கள். புடவை முந்தானையோ வேட்டியோ அந்தத் தண்டில் சிக்கினால் இழுத்துவிட ஒரு நொடி போதும்.

கையெழுத்து போடும் முன் வண்டியை உங்கள் தோட்டத்துக்கே வரச்சொல்லுங்கள். இருப்பதிலேயே குறுகலான வரிசையிலும், இறுகிய மண்ணிலும் ஓட்டச் சொல்லுங்கள். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கருவியைத் தூக்கிவைத்த நிலையில் பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளங்கள். பிறகு கொத்துக் கலப்பையை இறக்கிவிட்டு அதே பத்துச் சுற்றை அளங்கள். 30 மீட்டர் போனது 26 ஆகக் குறைந்தால் பரவாயில்லை. 22 ஆகிவிட்டால் அந்த வண்டிக்கு உங்கள் மண்ணில் பிடிப்பு இல்லை. டயரில் தண்ணீர் நிரப்பி மறுபடி சோதியுங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கும்போது முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் வழுக்கினால், முன்பக்க எடைக்கட்டிகளையும் பில்லில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்.