கெனாங்கா தைலம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கெடாவில் மலாய்க் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குப் புங்கா ராம்பாய் தெரியும். மெல்லியதாக அரிந்த பண்டான் இலையோடு ரோஜா, மல்லிகை, மஞ்சள் கெனாங்கா இதழ்களைக் கலந்து வைத்திருப்பார்கள். அந்தக் கெனாங்காவின் தைலம்தான் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் மருந்தகங்களில் ‘இலாங் இலாங்’ என்ற பெயரில் சிறு கண்ணாடிப் புட்டியில் விற்கிறது. பெயர் அந்நியமாக ஒலித்தாலும் மரம் நம் மண்ணுக்குரியது. மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் வட்டாரமே அதன் தாயகம். சீத்தா மரத்தின் குடும்பம். நம் மனோரஞ்சிதத்துக்கும் உறவு.

பூவைப் பல தலைமுறைகளாகத் தலையில் சூடியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில், தைலமும் பூவைப்போலவே சாதுவானது என்று நினைத்துவிடுகிறோம். ஒரு கிலோ தைலம் எடுக்கச் சுமார் 50 கிலோ பூ வேண்டும். அத்தனை பூவின் வீரியம் அந்தப் புட்டிக்குள் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு அளவும் அதை மனத்தில் வைத்துச் சொன்னதுதான்.

முதல் படி: புட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

லேபிளில் ‘கனங்கா ஓடோராட்டா’ என்ற தாவரப் பெயர் இருக்க வேண்டும். வெறும் ‘ஃபிராக்ரன்ஸ் ஆயில்’ என்றோ ‘மின்யாக் வாங்கி’ என்றோ இருந்தால் அது பெரும்பாலும் செயற்கை மணம். அறைக்கு மணமூட்ட வாங்கலாம், உடம்பில் தடவ வேண்டாம். பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் ‘மல்லிகைத் தைலம்’ பற்றியும் ஒரு வார்த்தை. மல்லிகையின் மணம் ஆவியில் வடித்தால் கெட்டுவிடும். அதைக் கரைப்பான் கொண்டுதான் பிரித்தெடுக்கிறார்கள், அதனால் உண்மையான மல்லிகைச் சாறு விலை மிகுந்தது. ஐந்து வெள்ளிக்கு அது கிடைக்க வழியே இல்லை.

கெனாங்காவை ஆவியில் வடிக்கலாம். வடிப்பு ஏறத்தாழ 20 மணி நேரம்கூட நீளும். முதல் ஓரிரு மணி நேரத்தில் வருவது ‘எக்ஸ்ட்ரா’, மணத்தில் உயர்ந்தது, வாசனைத் திரவியக்காரர்கள் தேடுவது. 1921இல் வெளிவந்த சனெல் எண் 5இல் சேர்ந்தது இந்தப் பூவின் மணம்தான். அடுத்தடுத்து எடுப்பவை ஒன்று, இரண்டு, மூன்று எனத் தரம் பிரியும். எல்லாம் சேர்ந்தது ‘கம்ப்ளீட்’. வீட்டு உபயோகத்துக்குக் ‘கம்ப்ளீட்’ போதும் என்பது என் கருத்து.

‘பிரஷரைக் குணமாக்கும், இனிப்புநீரை விரட்டும், பிள்ளைப்பேறு தரும்’ என்று யாராவது விற்றால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இப்படிப்பட்ட நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. மருந்தாக விற்கும் பொருளில் ‘எம்.ஏ.எல்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும்.

இரண்டாம் படி: எதற்கு உதவும்?

மனத்தைத் தளர்த்தும், உறங்கப் போகும் நேரத்துக்கு இதமாக இருக்கும். தாய்லாந்தில் நடந்த சிறிய ஆய்வுகளில், இதை முகர்ந்தவர்களுக்கும் தடவிக்கொண்டவர்களுக்கும் இரத்த அழுத்தம் சற்று இறங்கியது. அது சிலரிடம் மட்டும் செய்து பார்த்தது. கிளினிக்கில் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. நம் சமூகத்தில் பிரஷரும் இனிப்புநீரும் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: பூவிலிருந்தே தொடங்குங்கள்

கம்பத்திலோ பழைய தோட்டப் பக்கத்திலோ கெனாங்கா மரம் இருந்தால், புட்டி வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். பச்சையாக இருக்கும் பூவில் மணம் குறைவு. மஞ்சளாகி, இதழின் அடியில் செம்மை படர்ந்ததே பறிக்க ஏற்றது. விடியற்காலையில் பறியுங்கள், வெயில் ஏறினால் மணம் குறையும். மருந்தடித்த இடத்துப் பூ வேண்டாம்.

பூவை நிழலில் ஓர் இரவு வாடவிடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் பூசணம் பிடிக்கும். வாடிய இதழ்களை ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் போட்டு, அவை மூழ்கும்வரை தேங்காய் எண்ணெய் ஊற்றி மூடுங்கள். நாலைந்து நாள் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மணம் போதவில்லை என்றால் அதே எண்ணெயில் புதுப் பூ போடலாம். இது தலைக்கும் கை காலுக்கும் நல்லது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் தலையில் பூசிய ‘மக்காசார் எண்ணெய்’ கிட்டத்தட்ட இதே முறைதான், நம் வட்டாரத்துக் கை வேலை. புட்டித் தைலத்தைவிட வீரியம் மிகக் குறைவு, அதனால்தான் புதியவர்களுக்கு இதை முதலில் சொல்கிறேன்.

நான்காம் படி: புட்டித் தைலத்தைக் கலக்கும் அளவு

நேராகத் தோலில் விடக் கூடாது, ஒரு சொட்டும் கூடாது. தைலத்தில் உள்ள சில பொருள்கள் தோலை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். ஒருமுறை அப்படிப் பழகிவிட்டால் பிறகு சிறு அளவும் அரிக்கும். பாதுகாப்பு நூல்கள் தோலுக்கு 0.8 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. ஒரு மில்லிலிட்டர் சுமார் 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், கணக்கு சுலபம்:

30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 4 சொட்டு. முதியவர்களுக்கும் மென்மையான தோல் உள்ளவர்களுக்கும் 2 சொட்டு.

கலந்ததில் கொஞ்சம் எடுத்து முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் முழுக்கக் கழுவாமல் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அந்தத் தைலத்தை ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணெய்க் குளியல் நாளில் அந்த 30 மி.லி. கலவையைத் தலையிலும் தோளிலும் தேய்த்து, அரை மணி நேரத்தில் சீயக்காய் போட்டுக் குளிக்கலாம். வாளித் தண்ணீரில் தைலத்தைச் சொட்டுவது தவறு. அது கரையாது, மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும்.

அறையில் மணம் வேண்டுமென்றால் டிஃபியூசரில் 100 மி.லி. தண்ணீருக்கு 2 அல்லது 3 சொட்டு, அரை மணி நேரம் போதும். சன்னல் திறந்திருக்கட்டும். ஏர்கோனைப் போட்டுக் கதவை மூடி இரவு முழுக்க ஓடவிட்டால், இந்தக் கனத்த மணம் தலைவலியும் குமட்டலும் தரும். சாமி விளக்கு எரியும் இடத்தில் புட்டியைத் திறக்க வேண்டாம், தைலம் தீப்பிடிக்கும்.

யாருக்கு வேண்டாம்

கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வயிற்று உப்புசத்துக்கும் சளிக்கும் ஏதாவது தைலத்தை எடுத்து நெஞ்சில் தடவும் பழக்கம் நம் பாட்டிமார்களிடமிருந்து வந்தது. அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் ‘பூத்தைலம்’ என்று விற்பவற்றில் பல கற்பூரமோ மெந்தாலோ கலந்தவை, அவை பச்சைப் பிள்ளையின் மூச்சைப் பாதிக்கும். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை முதல் நாட்டு மருந்து வரை தாதியரைக் கேட்காமல் எதுவும் கூடாது. அந்தப் பட்டியலில் தைலங்களையும் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடலாம். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் டிஃபியூசர் வேண்டாம். பிரஷர் ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. இனிப்புநீரால் கால் மரத்துப் போனவர்கள் பாதத்தில் தடவக் கூடாது. எரிச்சல் உணர்வே தெரியாமல் புண்ணாகிவிடும். பூனை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும், பூனையின் ஈரலுக்கு இத்தைலங்களைச் செரித்து வெளியேற்றும் திறன் குறைவு.

வைக்கும் இடமும் விபத்தும்

கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், மூடி இறுக, பிள்ளைகள் கைக்கு எட்டாத நிழலான அலமாரியில் வையுங்கள். காருக்குள் வேண்டாம். மணம் புளித்துத் தோன்றினால் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள், பழைய தைலமே அதிகம் அரிக்கும்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு தைலம் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து பெருகும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் 1994 முதல் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண்ணை இன்றே கைப்பேசியில் சேர்த்து வையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 999ஐ அழையுங்கள். கூலிம், சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் தைலப் புட்டியைக் கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.